கறவைப் பசுக்களுக்குப் பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு: பாலின் தரத்தில் இவற்றின் பங்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பாலின் தரத்தை அறிவதற்குப் பரிசோதனைச் சாலையை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. பால்கோவாச் சட்டியே அதனைக் காட்டிவிடும். பாலுடன் சீனி சேர்த்து விறகடுப்பில் சுண்டக் காய்ச்சும்போது நீரெல்லாம் ஆவியாய்ப் போய்விடுகிறது. சட்டியில் எஞ்சுவன பாலிலிருந்த கொழுப்பும், புரதமும், பாற்சர்க்கரையும், தாது உப்புக்களுமே. இவற்றிற்கே திடச்சத்து என்று பெயர். நூறு கிலோ பாலில் திடச்சத்து பன்னிரண்டரைப் பங்கு இருக்குமாயின் சீனி நீங்கலாகப் பன்னிரண்டரைக் கிலோ மிஞ்சும். பதினொன்றரைப் பங்கே இருக்குமாயின் ஒரு கிலோ குறைந்துபோகும். விறகும் கூலியும் மட்டும் குறைவதில்லை. 2019-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெயர் நிலைப்பது இந்தத் திடச்சத்தினால்தான். அந்தச் சத்துக்கு மூலம் மாட்டுத் தொட்டியில் இருக்கிறது என்பதைப் பால் வழங்கும் சங்கங்களின் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

வத்திராயிருப்பை அடுத்து மேற்கு மலையடிவாரத்தில் அமைந்த மகாராஜபுரம் போன்ற கிராமங்களில் கறவைகளுக்குக் கிடைக்கும் ஆகாரத்தை நோக்கினால் அதில் பெரும்பகுதி மனிதன் வேண்டாமென்று கழித்த பொருளே. கண்மாய்ப் பாசன வயல்களில் விளையும் நெல்லில் அரிசியை மனிதன் எடுத்துக்கொண்டு வைக்கோலையும் தவிட்டையும் மாட்டுக்கு விடுகிறான். தென்னந்தோப்பிலிருந்து எண்ணெய் போக எஞ்சும் பிண்ணாக்கு வருகிறது. கிழக்கே கரிசற் காட்டிலிருந்து பருத்திக்கொட்டை வருகிறது. இராஜபாளையத்தில் 1936-ம் வருஷம் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலையை நிறுவியதற்கு முன்பே இப்பிரதேசம் பஞ்சு வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது. பஞ்சு உள்ள இடத்தில் கொட்டைக்குக் குறைவேது? விருதுநகரிலுள்ள பருப்பு ஆலைகளிலிருந்து உளுந்தம் பொட்டும் துவரம் பொட்டும் மூட்டை மூட்டையாக வருகின்றன. மனிதன் உண்ண இயலாத இப்பொருள்களை உண்டு அவன் உண்ணத்தக்க பாலாக மாற்றித் தருவதே பசுவின் பெருமை.

ஆயினும் இப்பொருள்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல. சில, பானையை நிரப்பும். சில, பாலைக் கெட்டியாக்கும். சில, பாலில் விஷத்தையும் சேர்த்துவிடும். மலிவாக எது கிடைக்கிறதோ அதனை வாங்கிக் கொட்டும் அங்கத்தினர், கடையில் மிச்சம் பிடித்த காசைச் சங்கத்தின் பரிசோதனை மேஜையில் இழந்துவிடுகிறார். இழந்ததும் அவருக்குத் தெரிவதில்லை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளப் பசுவின் வயிற்றைச் சிறிது அறிய வேண்டும். அது நான்கு அறைகள் உடையது. அவற்றுள் மிகப் பெரிய அறை ஓர் ஊறற் பானையை ஒத்தது. அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்து, பசு விழுங்கிய தீவனத்தைப் புளிக்கவைக்கின்றன. வைக்கோல், தட்டை, புல் முதலிய நார்ப்பொருள் புளிக்கும்போது பெரும்பாலும் காடியின் புளிப்பாகிய அசிட்டிக் அமிலம் உண்டாகிறது; இவ்வமிலமே இரத்தத்தின் வழியாக மடிக்குச் சென்று பாலின் கொழுப்பாக மாறுகிறது. பாற்கொழுப்பில் ஏறக்குறையச் சரிபாதி இவ்வாறு மடியிலேயே ஆக்கப்படுவது. மறுபாதி தீவனத்திலுள்ள எண்ணெயிலிருந்தும் பசுவின் உடற்கொழுப்பிலிருந்தும் வருவது. தானியம், நொய், மாவு முதலியன புளிக்கும்போதோ புரோப்பியோனிக் அமிலம் என்னும் வேறோர் அமிலம் மிகுதியாக உண்டாகிறது. அது சர்க்கரையாகி, மடியில் பாற்சர்க்கரையாகி, தன்னுடன் நீரையும் இழுத்துக்கொள்வதால் பாலின் அளவு பெருகுகிறது. எனவே நாரைக் குறைத்து மாவை ஏற்றினால் பால் கூடும், கொழுப்பு இறங்கும். வைக்கோலை மட்டும் போட்டால் கொழுப்பு ஓரளவு நிற்கும், பால் வற்றும். புரதமும் போதிய சக்தியும் ஒருங்கே கிடைத்தாலன்றி அந்நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. அவை பெருகாவிடில் பாலிலுள்ள புரதமும் ஏறுவதில்லை.

இவ்வூர்ப் பக்கத்துத் தீவனங்களுள் முதலில் எண்ணத்தக்கது பருத்திக்கொட்டை. புரதம், எண்ணெய், நார் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த தீவனங்கள் சிலவே. அவற்றுள் இது தலையாயது. கொட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதமும், அதற்குச் சற்றே குறைந்த அளவு எண்ணெயும் உண்டு. அன்றியும் எண்ணெய் ஓட்டுக்குள் அடங்கியிருப்பதால், பசு அசைபோட அசைபோடச் சிறிது சிறிதாகவே வெளிப்படுகிறது. வெறும் எண்ணெயைத் தீவனத்தில் ஊற்றினால் அது நார்மீது படிந்து நுண்ணுயிர்களின் வேலையைத் தடுத்துவிடும். கொட்டையாக ஊட்டும்போது அத்தீங்கு குறைவு. இக்காரணம் பற்றியே பருத்திக்கொட்டை ஊட்டினால் கொழுப்பு ஏறும் என்று முதியோர் கண்ட அனுபவம் சரியானதே. ஆனால் கொட்டையை ஊறவைத்து நைய அரைத்துக் கழுநீரில் கரைத்துக் குடிக்கவைக்கும் வழக்கத்தினால் அந்த நன்மையில் ஒரு பகுதி போய்விடுகிறது. எண்ணெய் முழுவதும் ஒரே சமயத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. ஊறவைத்து ஒன்றிரண்டாக உடைத்து, தவிட்டுடனும் நறுக்கிய தட்டையுடனும் கலந்து வைப்பதே தகும்.

அளவும் கவனிக்கத்தக்கது. கலப்பினக் கறவைக்கு நாளொன்றுக்கு 1 கிலோ முதல் 1½ கிலோ வரை போதும். சிறிய நாட்டுப் பசுவுக்கு அதில் பாதி. பருத்திக்கொட்டையில் கொசிப்பால் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. அசைபோடும் வயது வந்த பசுவின் வயிற்றில் அதன் பெரும்பகுதி செயலற்றுப்போகிறது. இளங்கன்றின் வயிற்றிலோ அந்த வேலை இன்னும் தொடங்கியிராது. ஆதலின் தாய்க்கு வைத்ததில் மிஞ்சியதைக் கன்றுக்கு வைக்கும் சிக்கனம் ஆகாது. பொலிகாளைகளுக்கும் இதனை மிகுதியாக ஊட்டுதல் அவற்றின் விருத்திச் சக்தியைக் குறைக்கும்.

பருத்திக்கொட்டையைப் பற்றி நெய் விற்கும் சங்கங்கள் அறிய வேண்டிய விநோதமான விஷயம் ஒன்று உண்டு. கொட்டை மிகுதியாகத் தின்ற மாட்டின் வெண்ணெய் சற்றுக் கடினமாக இருக்கும். அதனை உருக்கிய நெய்யும் எளிதில் இளகாது. அவ்வெண்ணெயில் மடியில் உண்டாகும் சிறு அமிலங்களின் பங்கு குறைந்து, கொட்டையின் எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பின் பங்கு கூடியிருக்கும். அச்சிறு அமிலங்களை அளந்து நெய்யின் சுத்தத்தை நிர்ணயிக்கும் ரெய்க்கர்ட்-மைஸ்ல் எண் என்னும் சோதனையில், இத்தகைய நெய் கலப்பட நெய்யைப் போலவே தோன்றும். பருத்தி எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஹால்பன் சோதனையிலும், ஒரு துளி எண்ணெயும் கலவாத நெய், மாடு தின்ற கொட்டையின் காரணமாகவே சிவந்து குற்றம் காட்டக்கூடும். ஒரு பாவமும் அறியாத குடியானவர் கலப்படக்காரர் என்று பெயர் எடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த நியாயத்தை உணர்ந்தே அக்மார்க் தர விதிகளில் சாதாரண நெய்க்கு அந்த எண் 28-க்குக் குறையலாகாது என்று வகுத்தபோது, பருத்திப் பிரதேச நெய்க்குக் குளிர்காலத்தில் 23, கோடையில் 21 என்று தனி வரம்பு வைத்தனர். வெளியூருக்கு நெய் அனுப்பும் சங்கம், தன் அங்கத்தினர்கள் எந்த மாதங்களில் எவ்வளவு கொட்டை ஊட்டுகிறார்கள் என்று குறித்து வைத்திருப்பது ஒரு நாள் அவர்களது மானத்தைக் காக்கும்.

தேங்காய்ப் பிண்ணாக்கும் வெண்ணெயைக் கெட்டிப்படுத்தும் இயல்புடையது. பசு விருப்பத்துடன் தின்னும். ஆனால் விரைவில் சிக்கலெடுத்துவிடும் குணம் அதற்கு உண்டு; பழைய பிண்ணாக்கின் சிக்கு நாற்றம் பாலிலும் ஏறும். எள்ளுப் பிண்ணாக்கில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் அதிகமாக நிற்கும். யந்திரத்தில் பிழிந்ததில் அதனினும் குறைவு. ரசாயனத் திரவத்தால் எண்ணெய் எடுத்த சக்கையில் நூற்றுக்கு ஒரு பங்கே மிஞ்சும். இவற்றை ஒரே விலைக்கு வாங்குதல் மடமை. ஆமணக்குப் பிண்ணாக்கு உரத்திற்கு உரியது; அதில் கொடிய விஷம் உண்டு. பிண்ணாக்குக் கடையில் உர மூட்டையும் தீவன மூட்டையும் அடுத்தடுத்துக் கிடப்பதால் வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும்.

தவிட்டைப் பற்றிய ஏமாற்றம் வேறு வகையானது. நல்ல தவிட்டில் எண்ணெய் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை உண்டு. புழுங்கலரிசித் தவிட்டில் அதனினும் கூடும். பச்சரிசித் தவிடு அரைத்த சில தினங்களுக்குள்ளேயே புளித்துக் கசக்கத் தொடங்கிவிடுகிறது. அதிலுள்ள ஒரு பொருள் எண்ணெயைச் சிதைப்பதே காரணம். நெல்லைப் புழுக்கும்போது அப்பொருள் வெந்து அழிந்துபோவதால் புழுங்கல் தவிடு நாட்பட நிற்கும். உமியைப் பொடித்துத் தவிட்டில் கலந்து விற்பதும் உண்டு. ஒரு கைப்பிடியை நீரில் இட்டுக் கலக்கினால் உமித்தூளில் பெரும்பகுதி மிதப்பதைக் காணலாம். நல்ல தவிடாயினும் அதனை அளவுக்கு மேல் வைத்தால் அதன் எண்ணெய் நாரின் செரிமானத்தைத் தடுத்துக் கொழுப்பை இறக்கிவிடும்.

வைக்கோல் மிக எளிய தீவனம். புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்குக்கு மேல் இராது. ஆயினும் மேலே கூறியவாறு நாருக்கு இதுவே ஆதாரம் ஆதலின் இதனை ஒதுக்க வேண்டாம். யூரியா ஊட்டிப் பதப்படுத்தும் முறையால் இதன் சத்தை உயர்த்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, வைக்கோலைப் படலம் படலமாகப் பரப்பித் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதவாறு மூடி மூன்று வாரம் வைத்திருந்து, பின்பு எடுத்துச் சிறிது நேரம் ஆறவிட்டு ஊட்ட வேண்டும். யூரியாக் கரைசலை மாடு நேராகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கரைசல் வாளியைத் தொழுவத்தில் விட்டுச் செல்லலாகாது; ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோலை வைக்கவும் கூடாது. நிலக்கடலைக்கொடி கிடைக்குமானால் இத்தனை தொல்லையும் வேண்டாம்; அதில் புரதம் வைக்கோலைப் போல இரண்டு மூன்று மடங்கு உண்டு. பசும்புல்லும் சிறிதேனும் வேண்டும். பசு நெய்யின் மஞ்சள் நிறம் பசுந்தீவனத்திலிருந்து வருவதே.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது பூஞ்சை விஷம். 1960-ம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது பிரேஸில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய விஷமே காரணமென்று தெரிந்தது. அதற்கு அப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டனர். ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கிலும், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும், மக்காச்சோளத்திலும் இது தோன்றும். பசு இதனைத் தின்றால் ஒரு நாளைக்குள் அதன் ஒரு சிறு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது. மனிதரின் ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கு ஏதுவாவது இவ்விஷம்; பாலையே ஆகாரமாகக் கொண்ட குழந்தைகளுக்கு மிகுந்த தீங்கு விளைப்பது. இந்தியாவில் ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராம் வரையே அனுமதி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2018-ம் வருஷம் தேசமெங்கும் எடுத்துச் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் இவ்விஷம் வரம்பு மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் அவ்வாறு இருந்தவை 88; வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை காணப்படவில்லை. இது யாரோ கலந்த கலப்படமன்று. தீவன மூட்டையின் வழியாக வந்தது.

பாலைக் காய்ச்சினால் தீமை நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. கிருமிகள் கொதியில் மாளும். இவ்விஷம் கொதிக்கு அசைவதில்லை. பாற்புரதத்துடன் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதாதலால், நாலைந்து லிட்டர் பாலைச் சுண்டவைத்து ஒரு கிலோ கோவாவாக்கினால், அந்த நாலைந்து லிட்டரின் விஷமும் பெரும்பாலும் அந்த ஒரு கிலோவுக்குள்ளேயே தங்கும். கோவாவுக்குப் பால் கொடுக்கும் ஊர்களுக்கு இது மற்றவரினும் மிகுந்த கவலைக்குரிய விஷயம். நல்ல காலமாக, பூஞ்சைத் தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பால் மீண்டும் சுத்தமாகிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிண்ணாக்கை மண் தரையில் சுவரோரமாக அடுக்கி வைப்பதே பூஞ்சைக்கு வரவேற்பு. மரப்பலகையின்மேல், சுவரினின்று ஒரு முழம் தள்ளி, காற்றோட்டமாக வைக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்த பகுதியைத் தட்டிவிட்டு மீதியை வைக்கும் வழக்கம் பயனற்றது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையைவிட விஷம் பரவிய இடம் பெரிது. அதனைக் கோழிக்குப் போடுவதும் ஆகாது, புதைத்துவிட வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் பொங்கற் சோற்றை மிகுதியாக ஊட்டும் அன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு வயிற்றில் மிக விரைவாகப் புளித்து, நார் செரிக்கும் நுண்ணுயிர்களை மாய்த்துவிடுகிறது. மறுநாள் மாடு அசைபோடாமல் வயிறு ஊதி நிற்கும். பாலும் கொழுப்பும் குறையும். சில வேளை மாடே போய்விடும். கல்யாண வீட்டு மீதிச் சோறும் இவ்வாறே. ஒரு கவளம் ஊட்டுவதோடு நிறுத்திக்கொள்வது மாட்டுக்குச் செய்யும் மரியாதை. பொதுவாகவே எந்தப் புதுத் தீவனத்தையும் இரண்டு வார காலத்தில் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். வெங்காயத்தாள், கோஸ் இலை முதலிய மணமுள்ளவற்றைக் கறவைக்கு முன் வையாமல் கறந்த பின் வைத்தால் பாலில் வாடை ஏறாது.

கலவைத் தீவனத்தை வீட்டிலேயே தயாரிக்க விரும்புவோர்க்கு ஒரு மாதிரி: கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் உடைத்தது 35 கிலோ, பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் சேர்ந்து 30 கிலோ, தவிடு 22 கிலோ, பொட்டு வகை 10 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ. கலப்பினப் பசுவுக்கு உடல் நிலைக்க நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை, மூன்று லிட்டருக்கு ஒரு கிலோவும் கணக்கு. தீவனத்தால் எல்லாம் ஆகிவிடும் என்பதும் மிகை. பசுவின் இனமும் ஈன்று எத்தனை மாதமாயிற்று என்பதும் பாலின் தரத்தை நிர்ணயிப்பன. தீவனம் கொழுப்பைக் கணிசமாக ஏற்றி இறக்கவல்லது, புரதத்தைச் சிறிதளவே.

நன்றாக ஊட்டுபவருக்கு நல்ல விலை கிடைக்காவிடில் இவ்வளவும் வீண். லிட்டருக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே விலை தரும் சங்கத்தில், பருத்திக்கொட்டை ஊட்டியவரின் கொழுப்பு, பானையில் நீர் சேர்த்தவருக்கும் பங்காகிவிடுகிறது. பால்மானி மட்டும் இதற்குப் போதாது. ஆடையை எடுத்தால் மானி ஏறும், நீர் விட்டால் இறங்கும். இரண்டையும் செய்தவருக்கு அது சரியாகவே நிற்கும். சுவிட்சர்லாந்து தேசத்து கெர்பர் என்பவர் 1891-ல் உரிமை பெற்ற கந்தக அமிலச் சோதனையோ, அதன் இடத்தைப் பிடித்துவரும் மின்சாரக் கருவியோ, ஒவ்வோர் அங்கத்தினரின் பாலுக்கும் தனித்தனியே நடைபெற்று, கொழுப்பும் இதரத் திடச்சத்தும் அவரவர் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். மாட்டுக்குத் தீவனம் வைப்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்மணிகள் ஆதலால், அந்தப் புத்தகம் அவர்கள் கைக்குச் செல்வது அவசியம். தீவனத்தை மாற்றிய வாரத்தில் எண் எப்படி மாறிற்று என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் வேறு போதனை வேண்டாம்.

தீவனம் வாங்குவதும் சங்கத்தின் வேலையே. குஜராத்திலுள்ள கைரா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கத்தார், ஆனந்துக்கு அருகே கஞ்சரி என்னுமிடத்தில் சொந்தத் தீவன ஆலையையே நிறுவினர்; 1964 அக்டோபரில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதனைத் திறந்து வைத்தார். ஒரு கிராமச் சங்கத்திற்கு ஆலை வேண்டாம். அறுவடைக் காலத்தில் கொட்டையையும் பிண்ணாக்கையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கைப்பிடியைப் பூஞ்சை விஷச் சோதனைக்கு அனுப்பி, உலர்ந்த அறையில் அடுக்கி, பால் பணத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் வழங்கலாம். எந்த மூட்டை எந்தத் தேதியில் எவர் வீட்டுக்குப் போயிற்று என்று பேரேட்டில் எழுதிவைத்தால், சோதனையின் முடிவு பாதகமாக வரும் நாளில் அந்த வீடுகளில் மட்டும் தீவனத்தை நிறுத்தி, நான்கு நாள் பாலைத் தனியே ஒதுக்கிவிட்டு, ஐந்தாம் நாள் மறுபடி சோதித்து எடுத்துக்கொள்ள முடியும்.